"சற்றுப் பொறு" என்று சொல்லும் முன்

அன்புள்ள மகனுக்கு,

மும்பையில் நானும் அம்மாவும் நலம். பாப்பாவுக்குப் பொறுமையே இல்லை, கேட்டதை அந்த நிமிடமே கொடுக்காவிட்டால் வீட்டை இரண்டாக்கிவிடுகிறாள் என்று நேற்றுத் தொலைபேசியில் வருத்தப்பட்டாய். ஐந்து வயதுப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சமாதானம் சொன்னாள். எனக்கு அதோடு விட்டுவிட மனமில்லை.

தாராவியில் நாம் குடியிருந்த சந்து உனக்கு நினைவிருக்கும். அதிகாலையில் மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரம் தெரிந்திருந்த வரையில், திருநெல்வேலிப் பெண்களும் மராட்டியப் பெண்களும் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்; குழாயடிச் சண்டை என்று ஊர் கேலி செய்கிறதே, அது தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத நாட்களில்தான் மூளும். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், அதாவது பராமரிப்புப் பணிக்காகச் சில பாதைகளில் சில மணி நேரம் ரயில் ஓடாது என்று ரயில்வே முன்கூட்டியே அறிவித்துவிட்டால் முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொள்கிற மும்பைக்காரன், லோக்கல் ரயில் காரணம் தெரியாமல் நடுவழியில் பத்து நிமிடம் நின்றால் கொதித்துப் போகிறான். காத்திருந்தால் கிடைக்கும் என்று எவ்வளவு நம்புகிறோமோ அவ்வளவுதான் நமக்குப் பொறுமையும் இருக்கிறது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. 28 சிறு குழந்தைகளை இரு பிரிவாக்கி, படம் வரைய இதைவிட நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன், அதுவரை இரு என்று எல்லோரிடமும் சொன்னார்கள்; ஒரு பிரிவினருக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார்கள், மற்றவர்களிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, நான் வரும்வரை தின்னாமலிருந்தால் இரண்டாகக் கிடைக்கும் என்றபோது, முதல் பிரிவினர் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடந்தான். ஏமாந்த பிள்ளை கையிலிருப்பதைத் தின்றுவிட்டதை நான் புத்திசாலித்தனம் என்றே சொல்வேன்.

"அஞ்சு நிமிஷம் இரு, அப்பா வந்துடறேன்" என்று மடிக்கணினியிலிருந்து தலை தூக்காமலே நீ சொல்வதை வீடியோ அழைப்பில் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடம் எத்தனை முறை ஒரு மணி நேரமாயிற்று என்று அவள் கணக்கு வைத்திருப்பாள். முடியாததை முடியாது என்றே சொல்லிவிடு, அழுதால் அழட்டும். முடியுமென்றால், அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது என்பதால், சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள்ளைக் காட்டி, இது நாலுக்கு வரும்போது வருகிறேன் என்று சொல். முள் நாலைத் தொடும்போது, யாருடன் பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்து போ.

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து உத்யான் எக்ஸ்பிரஸில் வருவதாகச் சொன்னாய். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்கும். பண்டிகைக் கால வெயிட்டிங் லிஸ்டும் நீ அறியாததல்ல. டிக்கெட் உறுதியாகும்வரை பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்று அவளிடம் வாய் விடாதே. உறுதியானதும் சொல்; நாட்காட்டியில் அந்தத் தேதியை அவளே வட்டமிடட்டும்.

அன்புடன்,
அப்பா