சேற்றாரைப் பற்றி நாங்கள் எழுதியது பிழை

அன்பின் குண்டூசிக்கு,

எட்டு மாதமாக உன் வொய்ஸ் மெசேஜ் எல்லாவற்றுக்கும் சிவப்பு இதயம் மட்டும் போட்டுவிட்டு இருந்தது பெரிய பிழை. ஏசுவதென்றால் இதை முழுதாக வாசித்துவிட்டு ஏசு. அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. கணக்கு ரீச்சரைப் போன மாதம் வெள்ளவத்தை மார்க்கெட்டில் கண்டேன், என் சுகத்தைக் கேட்கமுதலே உன்னைத்தான் கேட்டா, கட்லட் விஷயத்தை இன்னும் மறக்கவில்லை. பனி கொட்டுகிற ஊரில் இருக்கிற உனக்கு இவ்வளவு ஊர்ப்புதினம் போதும்.

எங்கள் கொப்பி கிடைத்துவிட்டது!

பெயின்ட் அடிக்க வந்த பெடியன்கள் அலுமாரியை இழுத்தபோது, பின்னுக்கு விழுந்து கிடந்த பாஸ்ட் பேப்பர் கட்டுக்குள் இருந்தது. அதே சீ.ஆர். கொப்பி, 1999, ஏ.எல். வருடம். முதல் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் கதைக்காகக் கற்பனை செய்த ஏழாற்று நாட்டின் வரைபடம். கடலுக்கு நீ தடவிய நீலம் மறுபக்கம் வரைக்கும் ஊறி, மலையாரின் கோட்டை பாதி தண்ணீருக்குள் நிற்கிறது. அப்புறம் இனங்கள், ஆளுக்கொரு வரி. மலையார்: நெடியவர், வீரர், மானம் பெரிது. காற்றாடிகள்: ஞானிகள், பாட்டிலேயே பேசுவார்கள். சேற்றார்: பிறவிப் பொய்யர், கோழைகள், ஒருநாளும் நம்பக்கூடாத கூட்டம்.

அண்ணாவின் மகள் விடுமுறைக்கு எங்களோடுதான் நிற்கிறாள், பன்னிரண்டு வயது. கொப்பியை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் இரண்டு நாளாகப் பல்கனியில் இருந்து வாசித்தாள். மூன்றாம் நாள் காலை பாணும் சம்பலும் சாப்பிடும்போது கேட்டாள்: "மாமி, சேற்றாருக்குள்ள அம்மாமார் பிள்ளைகளுக்கு என்ன தாலாட்டுப் பாடுவினம்?"

எனக்குப் பதில் வரவில்லை. மலையாரைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் விளங்கியது. அத்தனை பேரும் வீரர் என்றால் ஆடு மேய்க்கிறது யார், ஆட்டுக்கே பயந்த ஒரு மலையான் இருக்கமாட்டானா, கோட்டையில் உப்பு முடிந்தால் எங்கே போய் வாங்குவார்கள்? ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணத்தைச் சட்டைபோல மாட்டிவிட்டு யுத்தத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

சேற்றாரைப் பற்றின அந்த வரியை யார் எழுதினது என்று பார்த்தேன். என் கையெழுத்து, கீழே திகதியும் இருக்கிறது. அந்த வருடம் நாங்கள் எத்தனை தரம் பஸ்ஸால் இறங்கிச் சோதனைச்சாவடி வரிசையில் நின்றோம்? அடையாள அட்டையை வாங்குகிறவருக்குப் பெயரை வாசிக்கமுதல் ஒரு முகம், பிறந்த இடத்தை வாசித்த பிறகு வேறொரு முகம். டியூஷன் முடிந்து வருகிற இரண்டு பெட்டைகள், கையில் பௌதிகவியல் கொப்பி, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சனம் முழுக்க இப்படித்தான் என்று யாரோ முடிவு கட்டி வைத்திருந்ததால் அந்த வெயிலில் நின்றோம். பிறகு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, மேசையில் இருந்து, நானும் ஒரு சனத்தைப் பற்றி அப்படியே எழுதியிருக்கிறேன். இரண்டு இரவு நித்திரை வரவில்லை, குண்டூசி.

அவர்களை ஏன் சேற்றில் கொண்டுபோய்க் குடியேற்றினோம் என்று யோசித்தேன். சேறு என்றால் கெட்ட இடம், பேய் உலவும் இடம் என்று எங்கேயோ வாசித்ததை அப்படியே எடுத்திருக்கிறோம். சதுப்புநிலத்தின் மேல் கட்டின ஊரில் இருந்துகொண்டு! 2018இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் ஈரநில நகரங்கள் என்று முதன்முதலாக 18 நகரங்களைத் தெரிந்தெடுத்தபோது அதில் கொழும்பும் ஒன்று. போன ஞாயிறு மருமகளைக் கூட்டிக்கொண்டு கோட்டேயில் இருக்கிற பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனேன். பலகைப் பாதையில் நடக்கும்போது இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீர், நடுவில் கபரக்கொய்யா என்கிற பெரிய நீருடும்பு ஒன்று தலையை மட்டும் நீட்டிக்கொண்டு எங்களுக்கு வழிவிடாமல் நீந்தியது. சேற்றிலிருந்து குமிழி வந்து உடைகிறது, நிலம் மூச்சு விடுகிறதுபோல. மீன்பிடிப் பூனை அங்கே இருக்கிறதாம், இரவில்தான் வெளியே வருமாம், அதனால் பகல் முழுக்க அவள் என்னோடு கோபம்.

மழை வந்தால் அந்தச் சேறுதான் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் ஏறினது நினைவிருக்கிறதா? சதுப்பை நிரப்பி நிரப்பிக் கட்டினால் தண்ணீர் வேறு எங்கேதான் போகும். அப்படியென்றால் சேற்றார் யார்? தண்ணீரின் கணக்குத் தெரிந்தவர்கள். எந்த மதகை எப்போது திறப்பது, எந்த மரத்தை வெட்டக்கூடாது, எந்த மாதம் பாயை உயர்த்திக் கட்டிப் படுப்பது எல்லாம் தெரிந்த சனம். மலையாரின் வயல் வெள்ளத்தில் போகாமல் இருப்பதே இவர்களால்தான், மலையாருக்கு அது தெரியாது.

உனக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. சேற்றாருக்குக் கையில் ஆறு விரல் என்று நீ எழுதியிருந்தாய். விசர்க்கதை என்று சொல்லி அதைச் சிவப்புப் பேனையால் வெட்டினது நான். குண்டூசி, முழுக் கதையும் உன் ஆறாவது விரலில்தான் தொங்குகிறது! இரண்டு கைக்கும் பன்னிரண்டு விரல் என்றால் அவர்கள் பத்துப் பத்தாக எண்ணமாட்டார்கள், பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் எண்ணுவார்கள். பன்னிரண்டைப் பாதியாக்கலாம், மூன்றாக்கலாம், நாலாக்கலாம், மீனைப் பங்கு போடுகிற சனத்துக்கு அதைவிட வசதியான எண் இல்லை.

இப்போது இதைக் கேள். மலையாருக்கு உப்பு வேண்டும், சேற்றாருக்குத் தானியம் வேண்டும். எங்கள் சங்கப் பாட்டுகளில் உமணர் வண்டியில் உப்பைக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றுவார்களே, அந்த மாதிரி. வருடம் இத்தனை மூட்டை தானியம் தருவோம் என்று ஒரு உடன்படிக்கைக் கல் நடுகிறார்கள். இரண்டு பாஷையிலும் பெரிய எண்ணுக்கு ஒரே சொல்: "இருகை இருகை". இரண்டு கை விரலை இரண்டு கை விரலால் பெருக்கினது. மொழிபெயர்த்தவர் ஒரு எழுத்தும் பிழை விடவில்லை. ஆனால் மலையானுக்கு அது 100, சேற்றானுக்கு 144. முதல் வருடம் 100 மூட்டை வருகிறது. மிச்சம் 44 எங்கே என்று சேற்றார் கேட்கிறார்கள். பொய்யர் என்கிறார்கள் மலையார். கள்ளர் என்கிறார்கள் சேற்றார். இரண்டு பக்கமும் கல்லைக் காட்டிச் சத்தியம் செய்கிறது, இரண்டு சத்தியமும் உண்மை.

இந்தக் கல் எங்கேயிருந்து வந்தது என்று உனக்கு விளங்கியிருக்கும். பள்ளியால் கொழும்பு 7 நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நீ சாய்ந்து நின்று ஏச்சு வாங்கினாயே, அந்த மும்மொழிக் கல்வெட்டுத்தான். சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் வந்தது, திகதி 1409, காலியில் 1911இல் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். சீன மொழியில் காணிக்கை புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்கிற இந்துக் கடவுளுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. ஒரே கல், காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றேதான், ஆனால் வாசிக்கிற ஒவ்வொருவனுக்கும் அது தன் சாமிக்கு வந்தது. பதினாறு வயதில் அதற்கு முன்னால் நின்று நாங்கள் லஞ்ச் ஷீட்டில் என்ன இருக்கிறது என்று கதைத்திருக்கிறோம்.

இப்போது வேலையால் வந்ததும் இதுதான் வேலை. சேற்றாரின் வீடு கால்களில் நிற்கும், வீடு மகளுக்குத்தான் போகும். உன் அம்மம்மா யாரைக் கண்டாலும் "எந்தக் குடி?" என்று கேட்பாவே, தாய்வழியாக வருகிற அந்த மட்டக்களப்புக் குடிமுறையைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறேன், அங்கே குடிக்குப் பெயர் மீனின் பெயர். இடது வலது என்ற சொல்லே அவர்களிடம் இல்லை, ஆற்றுக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம்தான். நாங்களும் காலி வீதியில் ஓட்டோக்காரனுக்குக் கடல் பக்கமா தரைப் பக்கமா என்றுதானே சொல்கிறோம். சித்தப்பாவையும் மாமாவையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிற இனம் ஒன்று வேண்டும் என்கிறாள் மருமகள், அதை மலையாருக்குக் கொடுத்தேன், இனி அவர்களின் கல்யாணப் பேச்சே வேறு மாதிரிப் போகும். காற்றாடிகளுக்கு மட்டும் ஒன்றும் வருகுதில்லை. அவர்கள் உன் பொறுப்பு.

ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள், அவளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க ஏலாது. மலையாரில் உப்பு வாங்க வருகிற ஒரு கிழவி. விரலை மடக்கி எண்ணமாட்டாள், செபம் எண்ணுகிற மாதிரிப் பெருவிரலால் மற்ற நாலு விரலின் கணுக்களைத் தொட்டு எண்ணுவாள். நாலு விரல், விரலுக்கு மூன்று கணு. எண்ணிப் பார். ஐந்து விரல்காரர்களுக்குள் சேற்றாரின் எண் முதலில் விளங்கப்போவது அவளுக்குத்தான். அவள் சந்தையில் நின்று தன் உள்ளங்கையை ஒரு சேற்றுப் பெண்ணுக்கு விரித்துக் காட்டுகிற இடம் வரைக்கும் எழுதிவிட்டேன், அதற்கு மேல் எழுதக் கை நடுங்குகிறது.

இரண்டாம் கொப்பி உன்னிடம்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லாதே, ஏர்போட்டில் உன் பைக்குள் வைத்தது நானே. அதில்தான் சேற்றாரின் ஊரை எரிக்கிற அத்தியாயம். ஒரு பக்கமும் கிழிக்காமல் படமெடுத்து அனுப்பு, எனக்கு அது அப்படியே வேண்டும், மலையார் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதையாக அதை வைக்கப்போகிறேன். தாலாட்டும் நீதான் எழுத வேண்டும், பாட்டு எப்போதும் உன் பக்கம்.

இன்னொன்று, மருமகள் காலையிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கிறாள்: ஆறாவது விரல் சுண்டுவிரலுக்குப் பக்கத்திலா, பெருவிரலுக்குப் பக்கத்திலா? நீ உருவாக்கின சனம், நீயே சொல்லு. இந்த முறை வொய்ஸ் மெசேஜில் சொன்னால் உடனே கேட்பேன்.

அன்புடன்,
வாத்து