ஊசி பிடித்ததா என்று கேட்டாயே

அன்புள்ள பேச்சிக்கு,

கார் அறுப்பு முடிந்து, பிசானத்துக்கு நாற்றுப் பாவ மழையை எதிர்பார்த்திருப்பதாக எழுதியிருந்தாய். இங்கே பாளையங்கோட்டையில் வெயில் இன்னும் விட்டபாடில்லை. மகள் ஆஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது, சமைக்கவே மனசு வரவில்லை.

சரி, ஃப்ளூ ஊசி விஷயம். உன் மாமனாரும் வீட்டுக்காரரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்களே, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பிடிக்குமா, ரத்தம் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாய். ஒரே மாதிரி பிடிக்காதுட்டி. ஆய்வு செய்கிறவர்கள் ஊசிக்கு முன்னால் ஒரு தடவை, நாலு வாரம் கழித்து ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். சிலர் ஏழாம் நாளும் எடுப்பதுண்டு, ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் பொருளைத் தயாரிக்கும் செல்கள் அப்போதுதான் ரத்தத்தில் அதிகமாக ஓடும். ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிநீரான சீரத்தை, குழிகள் உள்ள தட்டில் குழிக்குக் குழி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், அதில் வைரஸையும் கோழியின் சிவப்பணுவையும் விடுவார்கள். ஆன்டிபாடி போதுமான அளவு இருந்தால் வைரஸால் அணுக்களைக் கோத்துப் பிடிக்க முடியாது, எல்லாம் அடியில் பொத்தான் மாதிரி உட்கார்ந்துவிடும். 40 மடங்கு நீர்த்தும் பொத்தான் விழுந்தால் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி குறையும் என்பது பழைய கணக்கு. இந்த நீர்ப்பு அளவு முதல் ரத்தத்தைவிட நாலு மடங்கு ஏறினால் ஊசி பிடித்தது என்று எழுதுவார்கள்.

அந்த நாலு மடங்குக் கணக்கை மட்டும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஊசிக்கு முன்னாலேயே 320 மடங்கு நீர்த்தும் பொத்தான் விழுகிறவருக்கு அதற்கு மேல் பெரிதாக ஏறாது, ஏட்டில் 'பிடிக்கவில்லை' என்றுதான் விழும், ஆனால் ஆள் அநேகமாகப் பத்திரமாக இருப்பார்.

அப்புறம் பிறந்த வருஷமும் இருக்கிறது. சின்ன வயதில் முதலில் வந்த ஃப்ளூவை உடம்பு லேசில் மறக்காது, 1960-லேயே தாமஸ் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எழுதிவிட்டார். 1957 மே மாதம் சிங்கப்பூர்க் கப்பலோடு மதராஸில் இறங்கியது எச்2என்2 என்ற புது வகை ஃப்ளூ வைரஸ். அதற்கு முன்னால் பிறந்த உன் மாமனார் முதலில் கண்டது பெரும்பாலும் எச்1என்1 வகை. எழுபதுகளின் தொடக்கத்தில் பிறந்த உன் வீட்டுக்காரர் கண்டது 1968-ல் வந்த எச்3என்2-ஆக இருக்கலாம். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது, அதுவும் எச்1என்1 வகைதான், வயசாளிகளுக்குக் குறைவாகவே தொற்றியதற்கு இந்தப் பழைய நினைவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், வயதானால் புதிய வைரஸுக்கு உடம்பு மெதுவாகத்தான் எழும்பும். அதற்காகவே அமெரிக்காவில் 65 தாண்டியவர்களுக்கு நாலு மடங்கு மருந்துள்ள ஊசி போடுகிறார்கள்.

அதனால் லேபில் காசைக் கொட்டாதே. ஊசி பிடிக்க இரண்டு வாரம் ஆகும், ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டதே நல்லது. வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டு நீ மட்டும் ஏன் சும்மா இருக்கிறாய்? இந்த வாரமே போய்ப் போட்டுக்கொள், தீபாவளிக்கு இங்கே வா.

உன்,
செண்பகம்