டிராயிங்கை யார் செக் பண்ணுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் கேட் மென்பொருள் (கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிற மென்பொருள்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஏஐ வந்துவிட்டது, இனி டிராயிங் எல்லாம் தானாகவே வந்துவிடும், புது வெர்ஷனைக் கற்றுக்கொண்டால் வேலை நிச்சயம் என்று எழுதியிருந்தீர்கள். பாலிடெக்னிக், ஐடிஐ முடித்த பிள்ளைகள் விரும்பிப் படிக்கிற பக்கம் அது. எங்கள் பக்கத்தில் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, எந்த சென்டரில் சேரலாம், எவ்வளவு ஃபீஸ் என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளுக்கு டிசைன் வேலை செய்கிறேன். டக்ட், ஃபேன் கேசிங், சப்போர்ட் ஸ்ட்ரக்சர் மாதிரியானவை. பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை இங்கே வந்த பிறகு அதைச் சுற்றி முளைத்த யூனிட்டுகள் பல இந்த வகை வேலையைத்தான் செய்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால் ஷூ பேட்டர்ன் போடுகிறவர்களும் இன்று கேட் மென்பொருளில்தான் வேலை செய்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்றாகப் பிரித்தாலும், பழைய வடஆற்காடு முழுக்க டிராயிங்கை நம்பிச் சோறு தின்கிற குடும்பங்கள் நிறைய. இந்த ஊர்களில் கேட் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. போட்ட டிராயிங் சரியா என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் மென்பொருள் செய்தியையே எடுத்துக்கொள்வோம். ஆட்டோகேட் என்ற கேட் மென்பொருள் 1982-ல் வந்தது, இப்போது வருடத்துக்கு ஒரு வெர்ஷன் வருகிறது. 2024 வெர்ஷனில் ஸ்மார்ட் பிளாக் என்று ஒன்று வந்தது. பிளாக் என்றால் டிராயிங்கில் திரும்பத் திரும்ப வைக்கிற தயார் படம். முன்பு எந்த பிளாக்கை எங்கே வைத்தோம் என்று பார்த்து, அடுத்ததை எங்கே வைக்கலாம் என்று அதுவே யோசனை சொல்லும். நல்ல வசதிதான், நேரம் மிச்சம். ஆனால் எங்களை மாதிரி ஆட்களுக்கு உண்மையில் தேவைப்படும் செய்தி வேறு. கோப்பு வடிவம் 2018 வெர்ஷனில் மாறியது, அதன் பிறகு பல வருடம் அப்படியேதான் தொடர்ந்தது. 2013 வெர்ஷன் வைத்திருக்கும் யூனிட்டுக்கு அந்த வடிவத்தில் கோப்பு அனுப்பினால் திறக்காது, பழைய வடிவத்தில் சேமித்து அனுப்ப வேண்டும். இது தெரியாமல் பாதி நாளைப் போனிலேயே கழிக்கிற ஆட்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

அப்புறம் லைசென்ஸ். 2016-லிருந்து ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஒரே தடவை காசு கட்டி வாங்குகிற புது லைசென்ஸ்களை நிறுத்திவிட்டு, சந்தா முறைக்குப் போய்விட்டது. நாலு பேர் வேலை செய்கிற யூனிட்டுக்கு அது வருடா வருடம் வரும் செலவு. அதனால்தான் கிராக் போட்ட காப்பிகள் இன்னும் ஓடுகின்றன, இது ஊரறிந்த விஷயம். இந்த நிலையில் ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள், 2002-லிருந்து வளர்ந்து வந்தது, 2024 நவம்பரில் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. அதில் வெகுநாளாக ஒரு தொல்லை இருந்தது. மாடலில் ஆரம்பத்தில் போட்ட ஒரு ஸ்கெட்சை மாற்றினால், பின்னால் போட்ட ஃபில்லெட் (விளிம்பை வளைவாக்குவது) வேறு விளிம்பில் போய் உட்காரும், இல்லையென்றால் மாடலே உடையும். 1.0-ல் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள், அசெம்ப்ளி செய்கிற வசதியையும் உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சின்ன யூனிட்டுகளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! உங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பெட்டிச் செய்தியாவது வந்திருக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் இருந்தாலும் தப்பான டிராயிங் தப்பான டிராயிங்தான். முன்பெல்லாம் டிராயிங் ஆபீஸில் செக்கர் என்று ஒருவர் இருப்பார். சிவப்பு பென்சிலும் மஞ்சள் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டைமென்ஷனாகப் பார்த்து, சரி என்றால் மஞ்சள், தப்பு என்றால் சிவப்பு என்று போட்டுக்கொண்டே போவார். அவர் கையெழுத்து இல்லாமல் ஷாப் ஃபுளோருக்கு ஒரு தாள் இறங்காது. கம்ப்யூட்டர் வந்ததும் கணக்கு தப்பாது என்று சொல்லி அந்த வேலையை எடுத்துவிட்டார்கள். இப்போது டிராயிங்கின் மூலையில் இருக்கும் டைட்டில் பிளாக்கில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கட்டம் இருக்கும், மூன்றிலும் ஒரே ஆளின் இனிஷியல் இருக்கும். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கும் யூனிட்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தரமுறையின் 2015 பதிப்பில் 8.3 என்ற பிரிவு முழுக்க டிசைனைப் பற்றித்தான் பேசுகிறது, ரிவ்யூ, வெரிஃபிகேஷன், வேலிடேஷன் மூன்றும் நடக்க வேண்டும் என்கிறது. ஆடிட் வரும் வாரம் மட்டும் ஃபைல் தயாராகிறது, மற்ற நாளில் யாரும் கேட்பதில்லை.

இதன் விலை என்ன என்று ஒரே ஒரு பிளேட்டை வைத்துச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் ஃபிளாஞ்ச் பிளேட்டில் போல்ட் துளை 18 மி.மீ. இருந்தது, கஸ்டமர் 22 ஆக்கி ரிவிஷன் பி, அதாவது திருத்திய டிராயிங், அனுப்பினார். மெயிலில் வந்தது. கம்ப்யூட்டரில் மாற்றினார்கள், கோப்பின் பெயரில் 'ஃபைனல் நியூ' என்று சேர்த்தார்கள். டிரில்லிங் மெஷின் பக்கத்துச் சுவரில் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்த ரிவிஷன் ஏ-வை யாரும் கிழிக்கவில்லை. ஆபரேட்டர் சுவரைப் பார்த்துத் துளை போட்டார். அவர்மேல் என்ன தப்பு? துளை சின்னதாக இருந்ததால் மறுபடி பெரிதாக்க முடிந்தது, ஒரு நைட் ஷிஃப்டோடு போயிற்று. 22-லிருந்து 18 ஆகக் குறைத்திருந்தால் அத்தனை பிளேட்டும் ஸ்கிராப். இதைத் தடுக்க எந்த ஏஐயும் வேண்டாம், புது ரிவிஷன் கொடுக்கும்போது பழைய பிரிண்டைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்ற ஒரு பழக்கம் போதும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. ஏர்பஸ் ஏ380 விமானத்தை ஜெர்மனியில் ஒரு பக்கமும் பிரான்ஸில் ஒரு பக்கமும் டிசைன் செய்தார்கள். கேட்டியா என்ற ஒரே மென்பொருளின் இரண்டு வெர்ஷன்கள், ஒரு ஊரில் 4, இன்னொரு ஊரில் 5. உடம்புப் பகுதிகளை துலூஸ் நகரில் கொண்டுவந்து சேர்த்தபோது ஒயர்கள் எட்டவில்லை. சுமார் 530 கிலோமீட்டர் ஒயர் ஓடுகிற விமானம் அது. 2006-ல் இது பெரிய பிரச்சினையாக வெடித்து, முதல் டெலிவரி 2007 அக்டோபர் வரை தள்ளிப்போனது. அவர்களிடம் மென்பொருளும் இருந்தது, பணமும் இருந்தது.

டாலரன்ஸ், அதாவது ஒரு அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற எல்லை, அந்த விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். சென்டர்களில் டைமென்ஷன் போடச் சொல்லித் தருகிறார்கள், டாலரன்ஸ் ஏன் போடுகிறோம் என்று சொல்லித் தருவதில்லை. ஒரு துளையின் மையத்துக்கு எக்ஸ் திசையில் பிளஸ் மைனஸ் 0.5, ஒய் திசையில் பிளஸ் மைனஸ் 0.5 கொடுத்திருக்கிறோம் என்று வையுங்கள். ஒரு பிளேட்டில் மையம் இரண்டு திசையிலும் 0.5 தள்ளியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் பாஸ் போடுவார். ஆனால் குறுக்கே அளந்தால் அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து 0.7 மி.மீ. விலகியிருக்கிறது. அடுத்த பிளேட்டில் எக்ஸ் திசையில் மட்டும் 0.6, ஒய் திசையில் ஒன்றும் இல்லை. இது ரிஜெக்ட்! விலகல் குறைவாக இருப்பது ரிஜெக்ட், அதிகமாக இருப்பது பாஸ். போல்ட் உருண்டை, நாம் கொடுத்த எல்லை சதுரம், கோளாறு அங்கேதான். எல்லையை 1.42 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகக் கொடுத்தால் இரண்டு பிளேட்டும் தேறும், அனுமதிக்கும் பரப்பும் சதுரத்தைவிட 58 சதவீதம் கூடும். நல்ல பொருளை ஸ்கிராப்பில் போடாமல் காப்பாற்றுகிற கணக்கு இது. ஸ்காட்லாந்தில் டார்பிடோ தொழிற்சாலையில் இருந்த ஸ்டான்லி பார்க்கர் என்பவர் 1930-களின் கடைசியிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். இன்று அது ஜிடி அண்ட் டி (வடிவத்துக்கும் இடத்துக்கும் டாலரன்ஸ் கொடுக்கும் முறை) என்று ஏஎஸ்எம்இ ஒய்14.5 தரத்திலும், ஐஎஸ்ஓ 1101-லும் இருக்கிறது. வெளிநாட்டு ஆர்டர் வருகிற டிராயிங்கில் அந்தக் கட்டம் போட்ட குறியீடுகளைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள். படிக்கிற காலத்தில் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் ஒரு மாதத்தில் பிடிபடுகிற விஷயம்.

ஆம்பூர் ஷூ பேட்டர்னிலும் இதே கதைதான். ஒரு சைஸுக்குப் பேட்டர்ன் போட்டு, மற்ற சைஸுகளுக்கு கிரேடிங் செய்வார்கள், அதாவது அதையே பெரிதாக்கி, சிறிதாக்கிப் போடுவார்கள். ஐரோப்பாவின் பாரிஸ் பாயின்ட் கணக்கில் ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் நீளத்தில் 6.67 மி.மீ. வித்தியாசம். இங்கிலாந்து கணக்கில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது 8.47 மி.மீ. எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு ஆள் திரும்பிப் பார்க்காவிட்டால், நடுச் சைஸில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், கடைசிச் சைஸ் லாஸ்ட்டில் (கால் வடிவ அச்சில்) ஏறும்போதுதான் தெரியும். அதற்குள் தோல் வெட்டியாகிவிட்டிருக்கும், தோல் விற்கிற விலைக்கு!

டிசைன் எஃப்எம்இஏ என்று ஒரு முறை இருக்கிறது. 1949-லேயே அமெரிக்க ராணுவத்தில் எழுத்தில் வந்துவிட்டது. பொருள் எந்தெந்த விதத்தில் பழுதாகலாம் என்று டிசைன் மேஜையிலேயே உட்கார்ந்து யோசித்து, விளைவின் தீவிரம், நடக்கும் வாய்ப்பு, முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவார்கள். 9, 2, 5 பெருக்கினால் 90. 3, 6, 5 பெருக்கினாலும் 90. முதலாவதில் உயிருக்கே ஆபத்து இருக்கலாம், இரண்டாவதில் ஒரு கீறல்தான். அதனால்தான் 2019-ல் வாகனத் துறையின் புதிய கையேட்டில் இந்தப் பெருக்கலை விட்டுவிட்டு, நடவடிக்கை எவ்வளவு அவசரம் என்று உயர், நடு, தாழ் எனப் பிரிக்கும் முறைக்கு மாறினார்கள். வாகன நிறுவனங்களுக்குப் பாகம் சப்ளை செய்யும் யூனிட்டுகள் நம் பக்கத்திலும் இருக்கின்றன. அங்கே இன்டர்வியூவுக்குப் போகிற பையனுக்கு இந்த ஒரு பத்தி தெரிந்திருந்தால் எவ்வளவு மரியாதையாகப் பதில் சொல்வான்.

ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிராயிங்கில் வியூ எடுத்து வைப்பதையும் டைமென்ஷன் போடுவதையும் இப்போது மென்பொருளே ஓரளவு செய்கிறது, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தத் துளையில் எந்த போல்ட் போகும், வெல்டர் கை உள்ளே நுழையுமா, பெயின்ட் ஏறிய பிறகு இடைவெளி மிஞ்சுமா என்பதை அது கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஆளை நாம் உருவாக்க வேண்டும். ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் இரண்டு வருடப் படிப்பு, வேலூர் தந்தை பெரியார் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, இங்கெல்லாம் கடைசி வருடத்தில் ஒரு மாணவன் போட்ட டிராயிங்கை இன்னொரு மாணவன் செக் பண்ணி கையெழுத்துப் போட வேண்டும், தப்பு விட்டால் இருவருக்கும் மார்க் குறையும் என்று வைத்தால் போதும். செலவே இல்லை. தனியார் சென்டர்களும் சர்டிஃபிகேட்டில் எத்தனை மென்பொருள் என்று அடுக்குவதைவிட, ஒரு பழைய டிராயிங்கில் உள்ள தப்புகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு பரீட்சை வைக்கலாம். யூனிட் முதலாளிகள், இரண்டு டிசைனர் இருந்தால் ஒருவர் வேலையை மற்றவர் பார்க்க தினம் அரை மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டும், அந்த அரை மணியைச் சும்மா உட்கார்ந்திருப்பதாக எண்ணக் கூடாது.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தப் பக்கத்தில் மாதம் ஒரு தடவையாவது டாலரன்ஸ், ரிவிஷன், செக்கிங், எஃப்எம்இஏ இவற்றை எளிய தமிழில், படத்தோடு போடுங்கள். எழுத ஆள் வேண்டும் என்றால் சிப்காட்டிலேயே ரிட்டயர் ஆன செக்கர்கள் இருக்கிறார்கள், வாலாஜாவிலும் ஆற்காட்டிலும் வீட்டில்தான் இருக்கிறார்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். அவர்களை அறிமுகப்படுத்தி வைக்க நான் தயார். ஜூனில் புது பேட்ச் சேர்வதற்கு முன்னால் முதல் கட்டுரை வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்கல் டிசைனர்,
வாலாஜாபேட்டை.