பிறந்த கதை கேட்போருக்கு

ஐயா,

முதியோரிடம் அவர்கள் பிறந்த கதையைக் கேட்டுப் பதிவு செய்வது பெருகிவருகிறது. நல்லதுதான். ஆனால் முதல் கேள்வியிலேயே பலர் சறுக்குகிறார்கள்: “எந்த வருடம் பிறந்தீர்கள்?” பிறப்புப் பதிவு இல்லாதவர் உத்தேசமாக ஒரு வயதைச் சொல்வார், அது பெரும்பாலும் 0-விலோ 5-லோ முடியும்.

வருடத்தை விட்டுவிட்டு, உடன்பிறந்தோரை மூத்தவரிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். இருவருக்கு நடுவே நாலைந்து வருட இடைவெளி தெரிந்தால், “இடையில் ஏதாவது குழந்தை தங்காமல் போனதா?” என்று தனியே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தக் குழந்தை கணக்கிலேயே வராது. பிறகு தேதி தெரிந்த ஒரு வெள்ளத்தையோ போரையோ எடுத்துக்கொண்டு, “அப்போது நடந்தீர்களா, இடுப்பில் இருந்தீர்களா, தம்பி பிறந்துவிட்டானா?” என்று கேட்டால், பிறந்த ஆண்டு ஓரளவு நெருங்கி வரும்.

மூன்று வயதுக்கு முந்தையது பெரியவர்களான பின் அநேகமாக யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. எனவே பிறப்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் செவிவழிச் செய்தியே. சொன்னது தாயா, பாட்டியா, அக்காவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவத்தின்போது அறைக்குள் இருந்தவர் சொன்னதும் வாசலில் நின்றவர் சொன்னதும் ஒன்றல்ல.

மகனையோ மருமகளையோ பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். அவர்கள் திருத்தத் தொடங்கியதும் பெரியவர் வாயை மூடிக்கொள்வார். வறுமை, இரண்டாம் திருமணம், தத்து போன்றவை தனிமையில்தான் வெளிவரும். அவற்றை வெளியிட மறுபடி சம்மதம் கேளுங்கள்.

– ஒரு வாசகர்