வைல்ட்ஃபயர் உவமையைத் திருத்தி வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மாணவர் இணைப்பிதழில் சென்ற வாரம் வந்த ஆங்கிலப் பாடத்தில், உவமைக்கு எடுத்துக்காட்டாக 'தி ஃபயர் ஸ்ப்ரெட் லைக் எ வைல்ட் ஃபயர்' என்று ஒரு வாக்கியம் அச்சாகியிருந்தது. இந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்து, பரீட்சைக்கு அதிலிருந்துதான் படிக்கிறார்கள். ஆங்கிலம் கற்பித்தவள் என்ற முறையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். மலையில் பிடித்துப் பரவும் தீயே காட்டுத்தீதான். அதைக் காட்டுத்தீ போலப் பரவியது என்றால் அங்கே உவமை எங்கே இருக்கிறது? செய்தி, வதந்தி, தொற்றுநோய், புதுப் பழக்கம் என்று ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவுகிறவற்றுக்குத்தான் இது பொருந்தும். வேகமாக ஓடியவனைப் பற்றி 'ஹி ரேன் லைக் வைல்ட்ஃபயர்' என்று எழுதும் மாணவர்களும் உண்டு. வெறும் வேகம் போதாது. நாலா பக்கமும் பரவ வேண்டும், யார் கைக்கும் அடங்காமல் போக வேண்டும்.

போடிநாயக்கனூர்க்காரியான எனக்கு இதை விளக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. கோடையில் எங்கள் மலைச்சரிவில் புல் காய்ந்து கிடக்கும்போது ஒரு பொறி விழுந்தால் போதும். தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது, அதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. அதனால்தான் சமதளத்தைவிட ஏற்றத்தில் அது வேகமாகப் போகிறது. காற்று திசை மாறினால் தீயும் திரும்பிவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இப்படித்தான் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தீயை அறிந்த ஊரில் இந்த உவமையைப் பொருள் தெரியாமல் பிள்ளைகள் எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

அடுத்தது வடிவம். வைல்ட்ஃபயர் என்பது சேர்த்தெழுத வேண்டிய ஒரே சொல். இந்தத் தொடரில் அதற்கு முன்னால் 'எ' வராது. 'தி நியூஸ் ஸ்ப்ரெட் லைக் வைல்ட்ஃபயர்' என்பதே சரி. 'எ' ஏன் வராது என்று பிள்ளைகள் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: முன்காலத்து ஆங்கிலத்தில், போரில் எதிரிமேல் எறிகிற, லேசில் அணையாத எரிபொருளுக்கும் வைல்ட்ஃபயர் என்று பெயர் இருந்தது. எண்ணெய், தண்ணீர் மாதிரி அதை எண்ணிச் சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியர் 1594-இல் வெளியிட்ட லுக்ரீஸ் கவிதையில், சைனன் என்ற வஞ்சகனின் சொற்கள் வைல்ட்ஃபயர் போல டிராய் நகரின் பெருமையை எரித்தன என்கிறார். அங்கேயும் 'எ' கிடையாது. எரிப்பது ஒருவனுடைய சொல் என்பதையும் கவனியுங்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த உவமை பேச்சுக்குப் பொருந்தி நின்றிருக்கிறது.

அதே பக்கத்தில் 'லைக் எ ஹவுஸ் ஆன் ஃபயர்' என்ற தொடருக்குக் 'கடுமையாகச் சண்டையிடுதல்' என்று பொருள் போட்டிருக்கிறது. இது நேர் எதிர். 'தே காட் ஆன் லைக் எ ஹவுஸ் ஆன் ஃபயர்' என்றால், இருவரும் பார்த்த மாத்திரத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். வீடு பற்றி எரிவதைக் கேட்டதும் நமக்குச் சண்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலேயர் அதில் எடுத்துக்கொண்டது தீப்பிடிக்கும் வேகத்தை மட்டும்தான். இங்கே 'எ' கட்டாயம் வேண்டும், விட்டுவிடக் கூடாது.

அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. இரண்டு வாக்கியங்களையும் திருத்தி, அடுத்த வார இணைப்பிதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூலையில் சிறிய எழுத்தில் போட்டால் நோட்டில் ஒட்டிய பிள்ளைகளின் கண்ணில் படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
போடிநாயக்கனூர்.