பெரியம்மாவின் உரச்சாக்கு

ஊர் உறவுகளுக்கும், எந்த ஊர் என்றே சொல்லாமல் வந்து உதவிவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை எங்கள் கிழக்கு வயலில் அறுப்பு முடிந்தது. அரை ஏக்கரில் ஆறு மூட்டை. ஆறு மூட்டைக்கு ஒரு மடலா என்று மேலே, ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். கஜா புயலுக்குப் பிறகு அந்த மண்ணில் விளைந்த முதல் நெல் இதுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வயலில் களையெடுத்தவர். அவருக்கென்று இருப்பது குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர்தான். புயலன்று இரவு பள்ளிக்கூடத்து முகாமுக்கு எல்லோரும் ஓடியபோது ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் நகை என்று ஆளுக்கொன்றைக் கையில் பிடித்திருந்தோம். பெரியம்மா ஒரு பழைய யூரியா சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தவர், விடியும்வரை இறங்கவில்லை. ஓடு பறந்து ஒரு மூலையில் மழை கொட்டியபோது சாக்கை இழுத்துக்கொண்டு இந்த மூலைக்கு வந்து, மறுபடியும் அதன்மேலேயே உட்கார்ந்தார். கிழவி எதையோ சேர்த்து வைத்திருக்கிறது என்று பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன், மறைப்பானேன்.

சாக்கில் இருந்தது குடவாழை என்ற பாரம்பரிய ரகத்து விதை நெல். அது எனக்குத் தெரிய ஒன்பது மாதம் ஆயிற்று.

அந்த ஒன்பது மாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புயலோடு ஏறிய கடல் சேறு வடிந்த பிறகு, சித்திரை வெயிலில் வயல் முழுக்க வெள்ளை பூத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கோடியக்கரை உப்பளம் மாதிரி. கால் வைத்தால் மொறுமொறுவென்று உடைந்தது. ஆவணிக்கு முன்னால் விதை வாங்கலாமா, இல்லை இந்த வருடமும் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போகலாமா என்று நான் வரப்பில் நின்று யோசித்துக்கொண்டிருந்த சாயங்காலம், பெரியம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார்.

வயலில் இறங்கி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

“கடை நெல்லப் போடாத தம்பி. கருகிப்போயிரும். வூட்டுக்கு வா.”

வீடு என்பது அப்போதும் தார்ப்பாய் கட்டிய நாலு கம்புதான். அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே, தரையில் படாமல் ரெண்டு செங்கல் வைத்து, அதன்மேல் அதே யூரியா சாக்கு. உள்ளே நொச்சி இலையும் வேப்பிலையும் சருகாகிக் கிடந்தன. ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்துக்கு வேண்டும் என்று எப்போதும் பாதி விதையை விதைக்காமல் ஒதுக்கி வைப்பாராம். அமாவாசைக்கு அமாவாசை எடுத்துக் காயவைப்பாராம். சுனாமி வருடம் உப்பேறின வயலிலும் இதுதான் பிடித்தது என்றார். மரக்காலை எடுத்து அளக்கத் தொடங்கினார். சாக்கில் பாதி வந்ததும் நிறுத்திவிட்டு, மீதியைக் கட்டினார். அது அவருடைய அரை ஏக்கருக்கு. அளந்தது எனக்கு.

நான் விலை கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “வெளஞ்சா ரெண்டா குடு. எனக்கு வேணாம், யாருக்காவது குடு” என்றார்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அய்யா நடத்திய நெல் திருவிழாவிலும் இதே கணக்குதான். ரெண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுக்கொண்டு வந்தார். புயல் அடித்து மூன்று வாரத்தில், டிசம்பர் 6ஆம் தேதி அவர் போய்ச் சேர்ந்தார். கரண்டு இல்லாத இருட்டில் கிடந்த எங்களுக்கு அந்தச் செய்தியே தாமதமாகத்தான் வந்தது. முப்பது கிலோமீட்டருக்குள் இருந்தும் நான் அந்தத் திருவிழாவுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. பாரம்பரியம் எல்லாம் பட்டணத்துக்காரர்களின் பொழுதுபோக்கு என்று டீக்கடையில் பேசித் திரிந்தவன் நான். பெரியம்மாவும் போனதில்லை. அவருக்குப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்தேன். பழைய விதை, முளைக்குமா என்று சந்தேகம். எழுபத்தொன்று முளைத்தது. இதைச் சொன்னதும், “அப்ப கொஞ்சம் நெருக்கி வெத” என்றார். அவ்வளவுதான் அவருடைய விதைப் பரிசோதனை நிலையம்.

ஆடியில் கிடைத்த மழையில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு தெளித்திருந்தேன். பூக்கும் நேரத்தில் அதை மடக்கி உழுதேன். பிறகு பெய்த மழையை வரப்பைக் கட்டி நிறுத்தி, உப்பு கரைந்ததும் வடிய விட்டேன். வாய்க்காலில் வடிகிற தண்ணீரைப் பெரியம்மா உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்ப்பார். முதல் முறை முகத்தைச் சுளித்தார். இரண்டாம் முறை, “இன்னும் ஒரு மழை” என்றார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் நடந்துபோனார். அதுதான் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு விதைத்தேன்.

பக்கத்து அரை ஏக்கரில் கடை விதையும் போட்டேன். மனசு கேட்கவில்லை, அதுதான் காரணம். கார்த்திகையில் அந்தப் பயிர் நுனி கருகி, திட்டுத்திட்டாகச் செத்தது. விதையைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல தண்ணீர் பாயும் மண்ணுக்காக உருவாக்கியதை உப்பு மண்ணில் கொண்டுவந்து போட்டவன் நான். குடவாழையும் ஒன்றும் பிரமாதமாக வளர்ந்துவிடவில்லை. முதல் மாதம் சோகை பிடித்த மாதிரி நின்றது. மார்கழிப் பனியில்தான் நிமிர்ந்தது. பிறகு இடுப்புக்கு மேல் போய், கடைசி மழைக்குக் கொஞ்சம் சாய்ந்தும் போனது. மெஷின் விட முடியாது என்று கையால் அறுத்தோம். அதிலும் ஒரு லாபம், நீள வைக்கோலாகக் கிடைத்தது. வீட்டில் இருக்கும் உம்பளச்சேரிப் பசுவுக்கு இந்த வருடம் வைக்கோல் வாங்க வேண்டியதில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து, இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்ட மின் ஊழியர்கள். டிராக்டர் வாடகையை அறுப்புக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்ற மச்சான். ராமநாதபுரத்திலிருந்து கோடையில் வந்து, கூலியைக் கடனாக வைத்துக்கொண்டு எங்கள் வயலில் எருவுக்காக நாலு ராத்திரி ஆட்டுக் கிடை போட்ட கீதாரி. சாய்ந்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்திலும் ஏரிக்கரையிலும் பனங்கொட்டை ஊன்றிய கல்லூரிப் பிள்ளைகள். தென்னை விழுந்த இடத்தில் பனை நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் ஊன்றினார்கள், நாங்கள் சொல்லிக் கேட்டு இல்லை. முத்துப்பேட்டைக் காயலில் ஒடிந்த அலையாத்திக் காட்டை விட்டுவிடாமல், வாய்க்கால் வெட்டி மறுபடியும் கன்று வளர்ப்பவர்கள். உங்களை நான் பார்த்ததில்லை, ஆனால் அடுத்த காற்றுக்கு முன்னால் நிற்கப்போவது உங்கள் காடுதான். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இந்த மாதம், 2020 பிப்ரவரியில், காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். நான் யோசிப்பது வேறு. கடல் இனி வராமலா இருக்கும்? அடப்பாற்று வழியாக உப்புத் தண்ணீர் ஏறிவருவதைச் சின்ன வயதில் எப்போதோ பார்த்த ஞாபகம், இப்போது வருடா வருடம் பார்க்கிறேன். நிலத்தை விற்றுவிட்டுப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானே பையில் துணி எடுத்து வைத்தவன்தான். இருக்கப்போகிறோம் என்றால் பாதியை விதைக்கவும் பாதியைச் சாக்கில் கட்டி வைக்கவும் பழக வேண்டும். இந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். அமாவாசையை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள் என் மகள்.

ஆறு மூட்டையில் ஒன்றைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டோம். மற்ற ஐந்தும் விதைக்கு. நேற்றுக் காலை பெரியம்மாவைக் கூட்டிவந்து களத்தில் காட்டினேன். இரட்டிப்பாக அளந்து வைத்திருந்த சாக்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குவியலில் கையை விட்டு அடியிலிருந்து ஒரு நெல்லை எடுத்தார். இருக்கிற பல்லில் வைத்துக் கடித்தார்.

“இன்னும் ரெண்டு வெயில் காயணும்” என்றார்.

காய்ந்துகொண்டிருக்கிறது. உப்பு ஏறின வயல் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வரலாம். காசு வேண்டாம், கணக்கு உங்களுக்கே தெரியும். வரும்போது சாக்கு மட்டும் கொண்டுவாருங்கள், என்னிடம் இல்லை.