நம்பாதவர் வீட்டுக் கல்யாணமும் சாவும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததில் பெரிய மகிழ்ச்சி. ஐயரும் வேண்டாம், சடங்கும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், சம்பந்தி வீட்டில்தான் "இது சட்டப்படி செல்லுமா" என்று தயங்குகிறார்கள் என எழுதியிருந்தாய். கூடவே, உன் காலத்துக்குப் பிறகு உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க என்ன வழி என்றும் கேட்டிருந்தாய். இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லது. நம் பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்து சாமி இல்லை என்று சொல்பவனை யாரும் ஒன்றும் செய்வதில்லை. அவன் வீட்டில் கல்யாணமோ சாவோ வரும்போதுதான் பங்காளிகளின் கை ஓங்குகிறது. அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாம் ஊர் வழக்கப்படிதான் நடக்கும்.

கல்யாணம் கண்டிப்பாகச் செல்லும். 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. அந்தக் குறையைப் போக்கத்தான் அண்ணா ஆட்சியில் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அது 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த திருமணங்களுக்கும் பொருந்தும். உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னால் போதும். மாலை மாற்றிக்கொண்டாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் சரிதான். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஒரு விஷயம் கவனி. இந்தப் பிரிவு இரண்டு இந்துக்களுக்கு மட்டும்தான். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எல்லாரையும் அந்தச் சட்டம் தனக்குள் எடுத்துக்கொள்வதால், கடவுளை மறுக்கும் உன் மகளும் அதில் அடக்கம். மாப்பிள்ளை கிறிஸ்தவராக இருந்தால் இது உதவாது; 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

திருமணம் முடிந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். கோயில் ரசீது எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அழைப்பிதழ், மண்டப ரசீது, உறுதிமொழி சொல்லும்போது எடுத்த படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள் எல்லாம் தயாராக இருக்கட்டும்; 7ஏ பிரிவைச் சொல்லியே பதியச் சொல். உறுதிமொழியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, மணமக்களே மைக்கில் படிக்கட்டும். தலைமை தாங்குபவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதே. இப்படிப்பட்ட திருமணங்கள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை முன் வரிசையில் உட்காரவைத்து அவர்கள் கும்பிடும் சாமியை ஒரு மணி நேரம் திட்டினால், பந்திக்குக்கூட இருக்காமல் போய்விடுவார்கள். வேண்டுமென்றே ராகு காலத்தில் வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நேரம் பார்க்காதவனுக்கு எல்லா நேரமும் ஒன்றுதானே, எல்லாருக்கும் வசதியான நேரத்தில் வை.

இனி உடல் கொடை. இதில்தான் விருப்பம் இருந்தும் நடக்காமல் போவது அதிகம். கம்யூனிஸ்ட் தலைவர்கள் ஜோதி பாசுவும் (2010) சீதாராம் யெச்சூரியும் (2024) உடலைக் கொடுத்தார்கள் என்றால், பின்னால் நின்று செய்து முடிக்கக் குடும்பமும் கட்சியும் இருந்தன. நமக்கு வீட்டு ஆட்கள்தான். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் உறுதிமொழிப் படிவம் வாங்கு. சாட்சிகளில் ஒருவர் உன் வாரிசாக இருக்கட்டும். நீ எழுதிக்கொடுத்தது உன் விருப்பம். அன்றைக்கு ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள் உன் மனைவியும் மகனும்தான். அவர்கள் தயங்கினால் படிவம் பீரோவிலேயே கிடக்கும். அதனால் பங்காளிகளையும் உட்காரவைத்து இப்போதே சொல்லிவிடு.

வீட்டில் இறந்தால் மருத்துவரின் இறப்புச் சான்று வேண்டும். இறந்தவர், வாரிசு இருவரின் ஆதார் நகலும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சான்றோ காவல் நிலையக் கடிதமோ கேட்பார்களா, இரவிலும் விடுமுறை நாளிலும் உடலை வாங்குவார்களா, எத்தனை மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதையெல்லாம் முன்பே கேட்டு எழுதிவை. வெளியூரிலிருந்து வருபவர்களுக்காக இரண்டு நாள் வைத்திருந்தால் உடல் கெட்டுவிடும். கெட்ட பிறகு பெரிய ரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்திப் பதப்படுத்த முடியாது. பிரேதப் பரிசோதனை செய்த உடலை மறுப்பதும் அதனால்தான், குழாய்கள் அறுபட்டிருக்கும். காசநோய், மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. இருந்தால் மாணவர்களுக்குத் தொற்றும் என்று மறுப்பார்கள். ஆகவே, கல்லூரி வாங்க மறுத்தால் மின்மயானம், சடங்கு வேண்டாம் என்று அதே தாளில் எழுதிவிடு. அந்த ஒரு வரி இல்லாத வீடுகளில் நீர்மாலை, நெய்ப்பந்தம் எல்லாம் தானாக வந்துவிடும்.

கண் கொடைக்கு உடல் கொடை தடையில்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடனே இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை கொடுத்துவிட்டுக் கண் வங்கியைக் கூப்பிடச் சொல். கண்ணாடி போட்டவர், சர்க்கரைக்காரர், புரை அறுவை செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சுடுகாட்டு ரசீதுக்குப் பதிலாகக் கல்லூரி தரும் சான்றைக் காட்டலாம்.

அம்மாவின் காலத்துக்குப் பிறகும் சடங்கில்லாமல் செய்யலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு என் பதில் வேறு. அவர்கள் ஆயுசு முழுக்க நம்பியவர்கள். உன் கொள்கைக்காக அவர்களுடைய கருமாதியை நிறுத்தாதே. நம் விருப்பத்தைப் பங்காளிகள் மீறக் கூடாது என்று நாம் கேட்பது நியாயமென்றால், அம்மாவின் விருப்பத்தை நாம் மீறுவதும் நியாயமில்லை. கொள்ளி வைக்க மனம் ஒப்பவில்லை என்றால் தம்பி வைக்கட்டும், நீ கூடவே நில். என்ன வேண்டும் என்று அம்மாவிடமே கேள், கண்ணைப் பற்றியும் கேட்டுப் பார். எத்தனையோ பக்தர்கள் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள்.

படிவம் வாங்கியதும் எழுது. இன்னொரு சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றால் நான் புறப்பட்டு வருகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் நண்பன்